பிரித்தானியாவில் வாக்குரிமை உள்ள தமிழ் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்



நான் ஒல்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஈழத்தமிழன். டென் ஹெல்டரில் அகதியாக வாழ்க்கையைத் தொடங்கி, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கு இடம்பெயர்ந்த பல குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று. 2016 ஜூன் 23ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா விலகுவதா என்று இந்த நாடு தன் மக்களிடம் கேட்டபோது எனக்கு வாக்கு இல்லை. உங்களுக்கு இருந்தது.

அந்த வாக்கு பிரித்தானியக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை என்பதை இன்றும் பலர் அறியவில்லை. பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளோடு இங்கே சட்டப்படி வாழ்ந்த எல்லோருக்கும் அது இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்தோ திருச்சியில் இருந்தோ படிக்க வந்து சில மாதங்களே ஆன மாணவர் பதிவு செய்து வாக்களிக்கலாம். இங்கே வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்த டச்சு, பிரெஞ்சு, ஜேர்மன், டெனிஷ் கடவுச்சீட்டுத் தமிழர் வாக்களிக்க முடியாது. ஒன்றியத்து நாட்டவர்களில் அயர்லாந்து, மோல்டா, சைப்பிரஸ் ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை கிடைத்தது. கோயிலில் ஒரே பந்தியில் இருந்து சாப்பிட்ட எங்களை அந்த விதி இரண்டாகப் பிரித்தது.

அந்த நாள் கடந்து ஏறத்தாழப் பத்தாண்டு. உங்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், நாங்கள் எதற்குள்ளால் வந்தோம் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

விலகலுக்கு வாக்களித்த தமிழர்களோடு எனக்குப் பகை இல்லை. அவர்களிடம் ஒரு நியாயம் இருந்தது. 2012 யூலையில் இருந்து, பிரித்தானியக் குடியுரிமை உள்ள ஒருவர் ஊரில் இருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட வேண்டுமானால் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டியிருந்தது. ஒன்றியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு அந்த எல்லை இல்லை. நான் இங்கே வேலை செய்தால் போதும். என் குடும்பத்தவர் ஐரோப்பியச் சட்டத்தின் கீழ், விசாக் கட்டணம்கூட இல்லாமல் என்னோடு வந்து சேரலாம். ஒரே தெருவில் இரண்டு கடைகளில் ஒரே சம்பளத்துக்கு நின்ற இரண்டு தமிழ்ப் பெடியளில் ஒருவருக்கு மனைவி வந்தார், மற்றவருக்கு வரவில்லை. மற்றவருக்கு வந்த கோபத்தை நான் எப்படிக் குறை சொல்வேன்? "இவங்கள் வாறது நிண்டாத்தான் அண்ணை எங்கட சனத்துக்கு விசா லேசாக் கிடைக்கும்" என்று வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் கடைகளில் நின்றவர்கள் என்னிடம் சொன்னார்கள். விலகல் பிரசாரகர்களும் அதையே சொன்னார்கள். அன்று அமைச்சராக இருந்த பிரீத்தி படேல், விலகினால் கறி உணவகங்களுக்குத் தெற்காசியாவில் இருந்து சமையற்காரர்களை எடுப்பது சுலபமாகும் என்று பிரசாரம் செய்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். உங்களுக்கான வருமான எல்லை குறையவில்லை. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுணாக ஏறியது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு தொடங்கிய திருமண உறவுகளுக்கு, என்னைப் போன்றவர்களின் பிள்ளைகளும் அதே எல்லைக்குள் வந்தார்கள். உங்களுக்கு இல்லாத வசதி எங்களுக்கும் இல்லாமல் போனது. உங்களுக்குக் கிடைத்தது எதுவும் இல்லை. அநீதி என்று நீங்கள் சுட்டியது உண்மையான அநீதிதான். அதைத் தீர்க்கும் வழி அந்த வாக்குச்சீட்டில் இருக்கவில்லை.

அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றியத்தில் தொடர்வது, ஒன்றியத்தை விட்டு விலகுவது என்ற இரண்டு தெரிவுகள். விலகி எங்கே போவது என்பது அதில் இல்லை. நோர்வே மாதிரிச் சந்தைக்குள்ளே இருந்துகொண்டு வெளியேறுவதா, துருக்கி மாதிரிச் சுங்க உடன்படிக்கை வைத்துக்கொள்வதா, ஒன்றுமே இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளோடு நிற்பதா? ஒவ்வொன்றும் வேறு வேறு நாடு, வேறு வேறு வாழ்க்கை. 2014இல் ஸ்கொட்லாந்து தன் சுதந்திரத்துக்காக வாக்கெடுப்பு நடத்தியபோது, அதைக் கேட்ட அரசு முந்தைய ஆண்டே 670 பக்கத் திட்டத்தை வெளியிட்டிருந்தது. அதை ஏற்கலாம், மறுக்கலாம். கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஒரு காகிதம் இருந்தது. அந்த வாக்கெடுப்பில் அங்கே வாழ்ந்த ஒன்றிய நாட்டவரும் பதினாறு வயதுப் பிள்ளைகளும் வாக்களித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் அப்படி ஒரு திட்டமும் இல்லை, அந்த வாக்குரிமையும் இல்லை. விலகல் வென்றால் என்ன செய்வது என்று அரச ஊழியர்கள் திட்டம் தயாரிப்பதைக்கூட டேவிட் கமரூனின் அரசு அனுமதிக்கவில்லை. பாராளுமன்றத்தின் வெளியுறவுக் குழு அடுத்த மாதமே அதைப் பாரதூரமான கவனயீனம் என்று கண்டித்தது.

விலகலுக்கு 51.9 வீதம், தொடர்வதற்கு 48.1 வீதம். ஒரு கோடியே 74 லட்சத்துக்கு எதிராக ஒரு கோடியே 61 லட்சம். மொத்த வாக்காளர் தொகையில் விலகல் கேட்டவர்கள் 37 வீதத்துக்குச் சற்று மேல். 1979இல் ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சபை வேண்டுமா என்று கேட்டபோது 51.6 வீதம் ஆம் என்றது. ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 வீதம் ஆம் என்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் அந்த வாக்கெடுப்புத் தோற்றது. இதே பாராளுமன்றம்தான் அந்த நிபந்தனையை வைத்தது. அதைவிடப் பல மடங்கு பெரிய முடிவுக்கு எந்த நிபந்தனையும் வைக்காமல் விட்டதும் அதே பாராளுமன்றம்தான். சட்டப்படி அந்த வாக்கெடுப்பு வெறும் ஆலோசனை. அதனால் நிபந்தனை தேவையில்லை என்றார்கள். முடிவு வந்த காலையில் இருந்து அது மீற முடியாத கட்டளை ஆனது.

அந்தக் காலையே கமரூன் பதவி விலகுவதாக அறிவித்தார். பவுணின் பெறுமதி டொலருக்கு எதிராக 31 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு விழுந்தது. நாலாவது நாள் ஸ்டான்டர்ட் அண்ட் புவர்ஸ் இந்த நாட்டின் கடன் தரத்தை இரண்டு படி இறக்கியது. ஓகஸ்டில் இங்கிலாந்து வங்கி வட்டியைக் கால் வீதத்துக்குக் குறைத்தது. ஊருக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்திகளின் பொருள் விளங்கியிருக்கும். அம்மாவின் மருந்துக்கு மாதம் நூறு பவுண் அனுப்பியவர், அதே நூறை அனுப்பியும் அங்கே குறைவாகவே போய்ச் சேர்ந்தது. இன, மதப் பகைமையால் தூண்டப்பட்ட குற்றங்கள் அந்த யூலையில், முந்தைய ஆண்டின் யூலையைவிட 41 வீதம் கூடுதலாகப் பதிவாகின. பேருந்தில் தமிழில் பேசியதற்காக ஏச்சு வாங்கிய நேரத்தில், எங்களிடம் எந்தக் கடவுச்சீட்டு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இவை முதல் அடி. இதைவிடக் கொடியது அதற்குப் பின்னால் வந்த காத்திருப்பு. கெட்ட செய்திக்கு மனிதர் தயாராகி விடுவார்கள். கடையை மூட வேண்டும் என்றால் மூடலாம், வேறு வேலை தேடலாம். என்ன வரும் என்றே தெரியாதபோது எதையும் செய்ய முடியாது. கடையின் லீஸ் முடிகிறது, இன்னும் பத்து வருடத்துக்கு எழுதுவதா? புதிய குளிர்சாதனப் பெட்டிக்குக் கடன் எடுப்பதா? மகனை இங்கே ஏ லெவலுக்கு விடுவதா, ஒல்லாந்தில் தங்கை வீட்டுக்கு அனுப்புவதா? இந்தக் கேள்விகள் எங்கள் வீடுகளில் வருடக் கணக்கில் மேசையிலேயே கிடந்தன. பெரிய நிறுவனங்களுக்கும் அதே நிலைதான். 2016 நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டு வந்த தொழில் முதலீடு அதற்குப் பிறகு வருடக் கணக்கில் அசையாமல் நின்றது. 2019 பெப்ரவரியில் நிசான் நிறுவனம் சண்டர்லாந்தில் செய்வதாக இருந்த ஒரு புதிய வாகனத்தை யப்பானுக்கே திருப்பியபோது, பிரித்தானியாவின் வருங்கால உறவு குறித்த நிச்சயமின்மையையும் சுட்டிக்காட்டியது. சண்டர்லாந்து விலகலுக்கு 61 வீதம் வாக்களித்த ஊர். லண்டன் கனரி வார்ஃபில் ஏறத்தாழ 900 பேர் வேலை செய்த ஐரோப்பிய மருந்து ஆணையம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. ஐரோப்பிய வங்கி ஆணையம் பாரிசுக்குப் போனது. ஒன்றியத்தில் தொடர்ந்திருந்தால் இருக்கக்கூடிய உற்பத்தித் திறனைவிட நீண்ட காலத்தில் 4 வீதம் குறையும் என்பது அரசின் சுயாதீன வரவு செலவு மதிப்பீட்டு அலுவலகத்தின் கணிப்பு. இது ஒரே நாளில் யாருடைய பணப்பையில் இருந்தும் எடுக்கப்படுவதில்லை. ஏறாத சம்பளமாகவும், நகராத மருத்துவமனை வரிசையாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. அதனால்தான் யாரும் அதற்காகக் கோபப்படுவதில்லை.

2019ஐ நான் மறக்க மாட்டேன். தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஜனவரி 15ஆம் திகதி 432க்கு 202 என்று பாராளுமன்றம் தோற்கடித்தது. 230 வாக்கு வித்தியாசம். நவீன காலத்தில் எந்த அரசும் இப்படித் தோற்றதில்லை. மார்ச்சில் இன்னும் இரண்டு தடவை தோற்றது. மார்ச் 27ஆம் திகதி பாராளுமன்றமே நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்து எட்டு வழிகளை வாக்குக்கு விட்டது. எட்டும் தோற்றன. ஏப்ரல் முதலாம் திகதி நாலு வழிகள், நாலும் தோற்றன. சில நாட்களில் விலக வேண்டிய நாடு, எப்படி விலகுவது என்றும் சொல்லவில்லை, விலக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மார்ச் 29 என்ற திகதி ஏப்ரல் 12 ஆனது, பிறகு ஒக்டோபர் 31, பிறகு 2020 ஜனவரி 31. இந்தத் திகதிகளுக்காகக் கென்ட் பகுதி நெடுஞ்சாலைகளில் லொறிகளை வரிசையாக நிறுத்த ஏற்பாடு நடந்தது. மான்ஸ்டன் விமானத் தளத்தில் ஒத்திகை என்று நூறுக்கும் குறைவான லொறிகளைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள். டோவர் துறைமுகமோ ஒரு நாளில் 10,000 லொறிகள் வரை கடக்கும் இடம். கப்பலே சொந்தமாக இல்லாத ஒரு நிறுவனத்துக்குக் கப்பல் சேவைக்காக 13.8 மில்லியன் பவுண் ஒப்பந்தம் கொடுத்து, சில வாரங்களில் திரும்ப எடுத்தார்கள். எங்கள் கடைக்காரர் பலர் அரிசியையும் பருப்பையும் வழமையைவிட இரண்டு மடங்கு வாங்கி அடுக்கினார்கள். அந்தப் பணம் மாதக் கணக்கில் மூட்டைகளுக்குள் முடங்கியது.

கமரூன் போன பிறகு 2024க்குள் ஐந்து பிரதமர்கள் வந்தார்கள். அதில் ஒருவர், பாராளுமன்றத்தை ஐந்து வாரத்துக்கு மூடினார்; உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒரே குரலில் அது சட்டவிரோதம் என்று சொன்ன பிறகே பாராளுமன்றம் மறுபடி திறந்தது.

இந்தக் காலம் முழுவதும் எங்களைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. இங்கே ஏற்கனவே வாழும் ஒன்றிய நாட்டவர்களின் உரிமைக்கு உடனேயே உத்தரவாதம் கொடுங்கள் என்று பிரபுக்கள் சபை சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்த்தது. 2017 மார்ச்சில் பொதுச் சபை அதை நீக்கியது. பேச்சுவார்த்தை மேசையில் கையில் வைத்திருக்க வேண்டிய சீட்டுகளில் நாங்களும் ஒன்றாக இருந்தோம். 2017 டிசம்பரில்தான் எங்கள் உரிமைகள் பற்றி இரு தரப்பும் கொள்கையளவில் உடன்பட்டன. வாக்கெடுப்பு முடிந்து ஒன்றரை வருடம், இந்த நாட்டில் இருக்க எனக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் பயந்துபோன சனங்கள் நிரந்தர வதிவிடத்துக்கான பழைய விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினார்கள். 85 பக்கப் படிவம் அது. ஐந்து வருட வாழ்க்கையைக் காகிதமாகக் காட்ட வேண்டும்: சம்பளச் சீட்டு, வரி, நாட்டைவிட்டுப் போய்வந்த ஒவ்வொரு திகதி. வார இறுதிகளில் ஒரு பாடசாலை மண்டபத்தில் சிலர் சேர்ந்து தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். அங்கேதான் பல தாய்மாரைச் சந்தித்தேன். ஒல்லாந்திலோ ஜேர்மனியிலோ வளர்ந்து, பிரித்தானியக் குடியுரிமை உள்ள தமிழரைக் கட்டி இங்கே வந்து, வேலைக்குப் போகாமல் பிள்ளைகளை வளர்த்தவர்கள். வேலை செய்யாத ஒன்றிய நாட்டவர் முழு மருத்துவக் காப்புறுதி வைத்திருந்திருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி. இந்த நாட்டின் பொது மருத்துவமனையிலேயே பிள்ளை பெற்றவர்களிடம் யாரும் அதை அதுவரை சொன்னதில்லை. பத்து, பதினைந்து வருடம் இங்கே வாழ்ந்தும், சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஒரு நாள்கூட முறையாக வாழவில்லை. வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்ததுதான் அவர்களின் குறை. ஒன்றிய நாட்டவர் இங்கே தொடர்ந்து வாழ அந்தஸ்துக் கொடுப்பதற்காகப் பிறகு வந்த ஒன்றியக் குடியிருப்பாளர் திட்டத்தில் இந்த நிபந்தனையை விட்டுவிட்டார்கள். அதுவரை அந்தப் பெண்கள் நித்திரை இல்லாமல் கழித்த இரவுகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"ஏன் பேசாமல் பிரிட்டிஷ் பாஸ்போட்டை எடுக்கலாமே" என்று நீங்கள் கேட்டீர்கள். அக்கறையோடுதான் கேட்டீர்கள். பிரான்சுக் கடவுச்சீட்டு உள்ளவர் எடுக்கலாம்; இரண்டையும் வைத்திருக்கலாம். டென்மார்க் 2015இல் இருந்து அதை அனுமதித்தது, நோர்வே 2020இல் இருந்து. ஒல்லாந்துச் சட்டம் அப்படி அல்ல. விரும்பி இன்னொரு குடியுரிமை எடுத்தால் டச்சுக் குடியுரிமை போய்விடும். விலக்குகள் சில உண்டு; கணவனோ மனைவியோ அந்த நாட்டவராக இருப்பது அதில் ஒன்று. எங்கள் வீட்டில் இருவரும் டச்சுக்காரர். என் தாய் இன்னும் டென் ஹெல்டரில்தான் இருக்கிறார். பிரித்தானியக் கடவுச்சீட்டு எடுத்தால், அவர் படுக்கையில் விழும்போது விசா இல்லாமல் என்னால் 180 நாளில் 90 நாளுக்கு மேல் அவரோடு இருக்க முடியாது. ஒரு நாட்டை இழந்து வந்தவனுக்கு, அடைக்கலம் தந்த இரண்டாவது நாட்டையும் விட்டுக்கொடு என்பது சின்னக் காரியம் இல்லை. நான் விடவில்லை. அதனால் இன்று வரை பாராளுமன்றத் தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை. கவுன்சில் போன்ற உள்ளூர்த் தேர்தல்களில் மட்டும் உண்டு.

குடியிருப்பாளர் திட்டத்துக்கு 2021 ஜூன் 30 கடைசி நாள். அரசு எதிர்பார்த்தது ஏறத்தாழ நாற்பது லட்சம் பேரை. விண்ணப்பித்தவர்கள் ஐம்பது லட்சத்தையும் தாண்டினார்கள். தொலைபேசியில் கடவுச்சீட்டை வைத்துப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் ஐபோன் அதற்கு வேலை செய்யவில்லை. அந்தஸ்து கிடைத்தவர் கையில் அட்டை எதுவும் கொடுக்கவில்லை, எல்லாம் இணையத்தில். மின்னஞ்சல் முகவரி இல்லாத எழுபது, எண்பது வயது முதியவர்களுக்காகப் பேரப்பிள்ளைகள் தங்கள் முகவரியைக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளை கடவுச்சொல்லை மறந்தால், எண்ணை மாற்றினால், ஆச்சியிடம் தன் உரிமையைக் காட்ட ஒன்றும் இல்லை.

வியாபாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், கடை வைத்திருப்பவர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். பாரிஸ் லாச்சப்பலுக்கும் லண்டனுக்கும் இடையில் எங்கள் சரக்கு முன்பு ஒரே நாட்டுக்குள் போவது போலப் போய்வந்தது. 2021 ஜனவரியில் இருந்து சுங்கப் பத்திரம் வேண்டும். பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையில் வரியில்லை என்ற ஒப்பந்தம் இருக்கிறதே என்று நம்பியவர்களுக்கு அதன் நிபந்தனை பிறகுதான் விளங்கியது: பொருள் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் உற்பத்தியானதாக இருக்க வேண்டும். கொழும்பில் இருந்தோ சென்னையில் இருந்தோ லண்டனுக்கு வரி கட்டி இறக்கிய பொருளை அப்படியே பாரிசுக்கு அனுப்பினால் அங்கே மறுபடி வரி. ஜேர்மனியில் செய்து இங்கே கொண்டுவந்த இனிப்பை அயர்லாந்துக் கடைக்கு அனுப்பிய மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கே இந்தச் சிக்கல் வந்தது. அவர்களுக்கு அதைத் தீர்க்கச் சட்ட வல்லுநர்கள் இருந்தார்கள். வானில் பெட்டி ஏற்றுகிற எங்கள் மொத்த வியாபாரிக்கு இல்லை. பிரான்சில் இருக்கும் தமக்கைக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டுபோகவும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறார்கள்.

இவ்வளவையும் சொன்னது பழைய கணக்குத் தீர்க்க அல்ல. இப்போது அதே காத்திருப்பு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விலகலுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு ஆட்கள் வருவது குறையவில்லை. ஐரோப்பாவில் இருந்து குறைந்தது, மற்ற இடங்களில் இருந்து கூடியது. 2023 நடுப்பகுதியில் முடிந்த ஆண்டில் நிகர வருகை 9 லட்சத்தைத் தாண்டியது. முதியோர் இல்லங்களில் ஆளில்லாமல், 2022இல் பராமரிப்பு ஊழியர்களுக்கு விசா திறந்தார்கள். அந்த வழியிலும், படிப்பு விசாவிலும், திறன் விசாவிலும் ஊரில் இருந்து எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். நிலம் விற்றும் நகை அடகு வைத்தும் வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஐந்து வருடம் வேலை செய்தால் நிரந்தர வதிவிடம் என்பது அவர்கள் வரும்போது இருந்த விதி. 2025 மே மாதத்தில் வந்த அரசின் வெள்ளை அறிக்கை, அந்த ஐந்தைப் பத்தாக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ஆலோசனை ஆவணம், பராமரிப்பு ஊழியர் போன்றோருக்குப் பதினைந்து என்றது. ஏற்கனவே இங்கே வந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்த வேண்டும் என்றது. நாலு வருடம் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, இன்னும் ஒரு வருடம் என்று எண்ணிக்கொண்டிருந்தவரிடம், இன்னும் பதினொரு வருடம் என்று சொல்வதற்கு என்ன பெயர்?

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. குடியிருப்பாளர் திட்டத்தில் அந்தஸ்துப் பெற்ற என்னை இந்த மாற்றம் தொடாது. 2016இல் என்னிடம் எதுவும் இல்லை, இன்று என்னைத் தொட முடியாது. காரணம், எங்கள் உரிமை கடைசியில் விலகல் ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்படிக்கையில் எழுதப்பட்டது. உள்துறை அமைச்சு அதை மீறுகிறது என்று சுயாதீனக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அமைச்சுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மறு பக்கத்தில் இருபத்தேழு நாடுகள் எங்களுக்காக மேசையில் இருந்தன. ஊரில் இருந்து விசாவில் வந்த பிள்ளைக்காக எந்த மேசையிலும் யாரும் இல்லை. கொழும்பும் டெல்லியும் அதற்காகப் பேசப்போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இருப்பது நீங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். உங்கள் தொகுதி எம்.பி. மக்களைச் சந்திக்கும் நாளுக்கு நேரம் எடுத்துப் போங்கள். ஹரோ, ஈஸ்ட்ஹாம், மிட்சம், லெஸ்டர், எங்கே என்றாலும் போங்கள். பொங்கல் விழா மேடையில் மாலை போடும்போது பேசினால் போதாது. அது படம் எடுக்கும் இடம். பொதுவாகத் தமிழர் நலன் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: விதி எப்படி மாறினாலும், பழைய விதியை நம்பி ஏற்கனவே வந்தவர்களைப் பழைய விதியின் கீழேயே விட வேண்டும் என்று நீங்கள் பாராளுமன்றத்தில் பேசுவீர்களா, வாக்களிப்பீர்களா? பதிலை எழுத்தில் கேளுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனை வருடம் வைப்பது என்பதில் உங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும். எனக்கும் உங்களுக்கும் இடையிலும் இருக்கலாம். நடுவில் விதியை மாற்றக் கூடாது என்பதில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் இருப்பவர்களுக்கும், பெல்பாஸ்டில் இருக்கும் சில குடும்பங்களுக்கும் இன்னொரு வேண்டுகோள். ஸ்கொட்லாந்தில் இரண்டாவது வாக்கெடுப்பு வந்தாலும், பெரிய வெள்ளி உடன்படிக்கை அனுமதிக்கிற அயர்லாந்து எல்லை வாக்கெடுப்பு வந்தாலும், இன்னொரு ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற கேள்வி உங்கள் கைக்கு வரும். எந்தப் பக்கம் வாக்களிப்பது என்று சொல்ல நான் யாரும் இல்லை. சுயநிர்ணயம் என்ற சொல்லோடு வளர்ந்தவன் நான், பிரிந்து போக விரும்புகிற மக்களை ஒருநாளும் பழிக்க மாட்டேன். வாக்களிக்கும் முன் மூன்று விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த நாணயம், எல்லையில் என்ன சோதனை, ஏற்கனவே அங்கே வாழ்கிறவர்களின் வதிவிட உரிமை எந்தச் சட்டத்தில் எழுதப்படும். அந்த மூன்றாவதை வாக்கெடுப்புக்கு முன்பே கேட்க வேண்டும். பிறகு கேட்டால் அது பேரம் பேசும் பொருளாகிவிடும்; அது எப்படி இருக்கும் என்பதை ஒன்றரை வருடம் நாங்கள் அனுபவித்தோம்.

எம்.பி.யிடம் போகும்போது விசாவில் இருக்கும் ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், விசாக் கட்டணமும் மருத்துவ மேல்வரியும் கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். கடிதம் எழுத, கோப்பு அடுக்க, மொழிபெயர்க்க ஆள் வேண்டுமானால் எங்களில் யாரையும் கூப்பிடுங்கள். ஒன்றியக் கடவுச்சீட்டோடு அந்தப் படிவங்களுக்குள்ளால் வந்த நாங்கள் அதில் பழகியவர்கள், எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவோம். ஆனால் அந்த அறையில் முதலில் பேச வேண்டியவர் நீங்கள். அடுத்த தேர்தலில் அந்த எம்.பி. வாக்குக் கேட்டு வரப்போவது உங்கள் வீட்டுக் கதவுக்குத்தான்.

அன்புடன்,
லண்டனில் வாழும் ஒல்லாந்துக் கடவுச்சீட்டுத் தமிழன்